தங்கச்சி நம்பர் போடுங்க

அந்த மருத்துவமனையில் அவளை எல்லோரும் 'கம்ப்யூட்டரக்கா' என்றுதான் கூப்பிடுவார்கள். கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் உட்கார்ந்து, வருகிறவர்களின் பெயர், வயது, போன் நம்பர் கேட்டுப் பதிகிற வேலை. பதினெட்டு வருடம் தடித்த நோட்டில் எழுதி எழுதி நடுவிரலில் காய்ப்பு ஏறியிருந்தது. நாற்பத்தோரு வயதில் அந்த நோட்டையே கம்ப்யூட்டருக்குள் கொண்டுவந்து விட்டாள். யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. வீட்டு மேஜையில் உட்கார்ந்து, பாடங்களைப் பார்த்துப் பார்த்து, தானே கட்டிய செயலி.

அந்த மேஜைக்குப் பக்கத்து அறையில் அவளுடைய அக்காவின் தையல் மெஷின் ஓடிக்கொண்டிருக்கும். அம்மா போனபோது பதினாறு வயதில் பள்ளிக்கூடப் பையை மூலையில் போட்டுவிட்டு மெஷினில் உட்கார்ந்தவள் அக்கா. தங்கை படித்ததெல்லாம் அந்தக் கால்கள் மிதித்த மிதியில்.

"நான் மிதிச்ச மிதிக்கு இந்த மெஷினுக்குச் சக்கரம் இருந்திருந்தா, இந்நேரம் உலகத்தை ரெண்டு சுத்து சுத்தி வந்திருப்பேன்டி" என்பாள்.

"சுத்திட்டு எங்கிட்டதானே வந்து நிப்பே?"

"வேற நாதி?"

செயலி எளிமையானது. கவுன்டரில் பதிந்த ஆளுக்கு எதிரே, ஆய்வகத்தில் இருப்பவர் பரிசோதனை முடிவைத் தட்டுவார். டாக்டரை உடனே பார்க்க வேண்டியவர்களின் வரி சிவப்பாக மாறும். கம்ப்யூட்டரக்கா போன் செய்து அவர்களைக் கூப்பிடுவாள். சிவப்பைப் பார்த்த அன்றே கூப்பிட்டுவிடுவது அவள் வழக்கம். அதில் அவளுக்கு ஒரு கர்வம் உண்டு.

மாதம் ஒருமுறை கம்ப்யூட்டர்களைப் பார்க்க வருகிறவரை 'ஒயர்க்காரர்' என்பார்கள். அவர்தான் ஒருநாள் திரையை எட்டிப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினார்.

"ஆளை எதை வெச்சு அடையாளம் பிடிக்கிறீங்க மேடம்?"

"போன் நம்பரை வெச்சுத்தான்."

"ஒரு வீட்ல நாலு பேருக்கு ஒரே போன் இருந்தா?"

"நாலு பேரும் அந்த நம்பருக்குக் கீழ இருப்பாங்க. குடும்பம்னா ஒண்ணாதானே இருக்கணும்?"

"ஆளுக்கு ஒரு தனி எண் கொடுங்க. போன் நம்பர் இன்னைக்கு இருக்கும், நாளைக்கு மாறும். அப்புறம், இது என்ன? 'பூனைக்குட்டி, வயசு மூணு, வயித்துவலி'ன்னு இருக்கு!"

அவள் சிரித்துவிட்டாள். "அது நான் பழகுறதுக்குப் போட்டது. புதுசா ஏதாவது சேர்த்தா ஓடுதான்னு பார்க்கணுமே. என் நம்பர்ல இப்படி நாலஞ்சு பேரைப் போட்டுப் பார்ப்பேன். சனிக்கிழமை சாயங்காலம் என் நம்பர்ல இருக்கிற எல்லாத்தையும் ஒரே கட்டளையில அழிச்சிடுவேன்."

"நிஜ நோயாளிங்க இருக்கிற இடத்துலயா பழகுறீங்க? பழகுறதுக்குத் தனியா ஒரு காப்பி வெச்சுக்கங்க. எதையும் ஒரேயடியா அழிக்காதீங்க, 'நீக்கினது'ன்னு ஒரு குறி மட்டும் போடுங்க. தினமும் ஒரு நகல் எடுத்து வேற இடத்துல வைங்க."

"இதெல்லாம் பெரிய கம்பெனிக்கு. எங்க கவுன்டருக்கு எதுக்கு இவ்வளவு ஆர்ப்பாட்டம்?"

"பூனைக்குட்டியோட ஒருநாள் புலியும் போயிடப் போகுது மேடம்" என்று சொல்லிவிட்டுப் பையைத் தூக்கிக்கொண்டு போனார். அன்று முழுவதும் அதைச் சொல்லிச் சொல்லி நர்சுகளோடு சிரித்தாள். பாவி, சிரித்தாள்!

அடுத்த மாதம் ஒரு வியாழக்கிழமை அவளுக்கு விடுப்பு. அதே நாளைப் பார்த்துத்தான் அக்கா மருத்துவமனைக்கு வந்தாள். மார்பில் ஒரு கட்டி. தங்கையிடம் சொல்லவில்லை. சொன்னால் சாப்பிட மாட்டாள், தூங்க மாட்டாள் என்ற கவலை. டாக்டர் ஊசி வைத்துச் சதை எடுத்தார். கவுன்டரில் மாற்று ஆளாக இருந்த நர்ஸ் போன் நம்பர் கேட்டாள். அக்காவிடம் போன் கிடையாது.

"தங்கச்சி நம்பர் போடுங்க" என்றாள் அக்கா.

சனிக்கிழமை மதியம் ஆய்வகத்தில் முடிவைத் தட்டினார்கள். வரி சிவந்தது. கம்ப்யூட்டரக்கா அப்போது டாக்டர்களின் அட்டவணையைத் திருத்திக்கொண்டிருந்தாள். வேலை முடியச் சாயங்காலம் ஆகிவிட்டது. வழக்கம்போல, திரையில் என்ன இருக்கிறது என்றுகூடப் பார்க்காமல், தன் நம்பரைத் தட்டினாள். அழி. பூனைக்குட்டி போனது. அதோடு வேறு யாரோ நான்கு கற்பனை மனிதர்கள் போனார்கள். கூடவே, அவளைத் தூக்கி வளர்த்தவளும் போனாள்.

ஐந்து மாதம் கழித்து அக்காவால் கையைத் தூக்கி ஊசியில் நூல் கோக்க முடியவில்லை. தங்கைதான் பதறிப்போய் அழைத்து வந்தாள். டாக்டர் தொட்டுப் பார்த்தார். முகம் சுருங்கியது.

"போன தடவையே ரிப்போர்ட் வந்திருக்குமே? ஏன் திரும்பி வரலை?"

"எந்த ரிப்போர்ட் டாக்டர்?" என்றாள் தங்கை.

அவள் கவுன்டருக்கு ஓடித் தேடினாள். பெயரைப் போட்டாள். இல்லை. நகல் என்று எதுவும் எடுத்து வைத்திருக்கவில்லை. ஆய்வகத்துக்கு ஓடினாள். அங்கே இன்னமும் ஒரு காகித நோட்டு இருந்தது. 'இதெல்லாம் இனிமே எதுக்கு' என்று அவளே கேலி செய்த நோட்டு. அக்காவின் பெயர், சனிக்கிழமைத் தேதி, 'உடனே டாக்டரைப் பார்க்கவும்' என்ற வரி, அதற்குப் பக்கத்தில் அவளுடைய சொந்த போன் நம்பர்.

நோட்டை மூடவும் முடியாமல், பிடித்திருக்கவும் முடியாமல் நின்றாள்.

அக்கா நீள பெஞ்சில் தனியாக உட்கார்ந்திருந்தாள். தங்கை அவள் காலடியில் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். எல்லாவற்றையும் சொன்னாள். பூனைக்குட்டியையும் விடவில்லை.



"நல்ல சேதின்னா ரெண்டு பேருமா சிரிச்சுக்கலாம், கெட்ட சேதின்னா உன் வாயால கேட்டுக்கலாம்னுதான் உன் நம்பரைக் கொடுத்தேன்" என்றாள் அக்கா. "நீ ஒண்ணும் சொல்லலை. அப்ப ஒண்ணுமில்லன்னு நெனச்சேன். தினமும் உன் முகத்தைப் பார்த்துப் பார்த்து, ஒண்ணுமில்லன்னு நம்பிட்டு இருந்தேன்டி."

"அடிச்சிடுக்கா. ரெண்டு அறை விடு."

"கை தூக்க முடியலை" என்றாள் அக்கா. அதைக் கேலியாகச் சொன்னாளா, நிஜமாகவே சொன்னாளா என்று தங்கைக்கு விளங்கவேயில்லை.

சிகிச்சை தொடங்கியது. டாக்டர் நம்பிக்கையைச் சிறு சிறு துண்டாகத்தான் கொடுத்தார். அந்த வாரங்களில் கம்ப்யூட்டரக்கா செயலியை அடியிலிருந்து பிரித்துக் கட்டினாள். ஆளுக்கு ஒரு தனி எண். பழகுவதற்குத் தனிக் காப்பி. எந்த வரியையும் யாராலும் அழிக்க முடியாது. நாள்தோறும் நகல். ஒயர்க்காரர் பார்த்துவிட்டு, "இப்பதான் மேடம் கச்சிதமா இருக்கு" என்றார். தலைமை டாக்டர் ஊழியர்கள் முன்னால் பாராட்டி எல்லோரையும் கைதட்ட வைத்தார். ஒவ்வொரு தட்டும் கன்னத்தில் விழுந்த மாதிரி இருந்தது.

புதிய செயலியில் பழைய நோயாளிகளை மறுபடி பதிய வேண்டியிருந்தது. அக்கா முறை வந்தது. தலையில் துணி கட்டியிருந்தாள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்றாள்.

பெயரையும் வயதையும் கேட்காமலே தட்டினாள் தங்கை. அடுத்த கட்டத்தில் அவள் விரலே தன் நம்பரைப் போட ஆரம்பித்துவிட்டது. முதல் மூன்று எண் விழுந்திருக்கும்.

"போன் நம்பர் கேக்க மாட்டியா?" என்றாள் அக்கா.

"தெரியுமேக்கா."

"இல்லை. பக்கத்து வீட்டு டீச்சர் நம்பர் எழுதிக்க."

கோபம் இல்லாத குரல். மற்ற நோயாளிகள் சொல்வது மாதிரியே ஒவ்வொரு எண்ணாக நிறுத்தி நிறுத்திச் சொன்னாள். தங்கை போட்ட மூன்று எண்ணையும் அழித்துவிட்டு, சொல்லச் சொல்லத் தட்டினாள். சரியா என்று ஒருமுறை படித்துக் காட்டினாள். அக்கா தலையாட்டினாள்.

"அடுத்தவங்க வாங்க" என்றாள் கம்ப்யூட்டரக்கா.