நட்சத்திரம் கட்டாத பல்கணி

எனக்குப் பாட்டு வராது. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கோயிலில்கூட மற்றவர்கள் பாடும்போது வாயை மட்டும் அசைப்பவன் நான். முப்பது வருடம் கப்பல் திருத்துகிற இடத்தில் ஃபிட்டராக வேலை செய்தேன். இடது கைச் சின்ன விரல் ஒருமுறை நசுங்கியது, இன்றுவரை மடங்காது. இந்தக் கையை வைத்துக்கொண்டு அறுபத்திரண்டு வயதில் கீபோர்ட் படிக்கப் போனேன். சிரிப்பதென்றால் சிரியுங்கள்.

போன நத்தாருக்கு, அதாவது கிறிஸ்மஸுக்கு, முந்திய நத்தாரில் தொடங்கியது இது. மகளுக்குப் பிள்ளை பிறக்கப் போகிறதென்று மனைவி மெல்பேர்னுக்குப் போய் இரண்டு கிழமைதான் ஆகியிருந்தது. கொட்டாஞ்சேனையில் எங்கள் ஒழுங்கைக்கு, இந்தச் சின்னத் தெருவுக்கு, ஒவ்வொரு மார்கழியும் கோயில் கரோல் கோஷ்டி வரும். வாசலில் நின்று பாடுவார்கள், பிறகு உள்ளே வந்து கேக் சாப்பிடுவார்கள், சின்னக் கிளாஸில் வைன் குடிப்பார்கள், கதைப்பார்கள். அதையெல்லாம் பார்த்துக்கொண்டவள் மனைவிதான். அந்த வருடம் நான் தனியாகக் கதவைத் திறந்தேன். இருபது பேர் என் முகத்தைப் பார்த்துப் பாடினார்கள். கையை எங்கே வைப்பதென்று எனக்குத் தெரியவில்லை. கேக்கையும் வெட்டி வைத்திருக்கவில்லை. ஒரு பாட்டோடு இறங்கிப் போய்விட்டார்கள். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். சுவருக்கு முன்னால் நின்று எவ்வளவு நேரம் பாடுவது?

அடுத்த முறை வரும்போது நானும் ஒரு பாட்டு வாசிப்பேன் என்று முடிவெடுத்தேன். கைக்கு ஒரு வேலை இருந்தால் மனிதன் மனிதனாக நிற்பான். மகள் பள்ளிக்கூடம் போன காலத்தில் வாங்கிய கீபோர்ட் அலுமாரிக்கு மேல் கிடந்தது. கட்டைகளில் அவள் ஒட்டிய எழுத்துகள் பாதி உரிந்திருந்தன. இறக்கித் துடைத்தேன். ஒரு கட்டை அமுக்கினால் எழும்பாது. கழற்றி, அடியில் இருந்த பழைய டொஃபியைச் சுரண்டி எடுத்தேன். அது மட்டும்தான் இந்த விஷயத்தில் எனக்குச் சுலபமாக வந்த வேலை.

ஃபோனில் வீடியோ பார்த்துப் படிக்கலாம் என்று நினைத்தேன். அதில் வருகிறவன் விரல்கள் எலி ஓடுகிற மாதிரி ஓடின. ஆவணியில் வெள்ளவத்தையில் ஒரு டீச்சரைப் பிடித்தேன். என் மகளைவிட இளையவள். சனிக்கிழமைகளில் பஸ் மாறிப் போவேன். வெளி விறாந்தையில் பிள்ளைகளோடு வந்த தாய்மார் உட்கார்ந்திருப்பார்கள்.

முதல் நாளே ஒருத்தி கேட்டாள், "பேரப்பிள்ளையக் கூட்டிக்கொண்டு வந்தனீங்களோ அங்கிள்?"

"இல்லை. நான்தான் பிள்ளை" என்றேன். அதற்குப் பிறகு அவள் என்னோடு கதைக்கவில்லை.

டீச்சருக்கு வாய் நீளம். "அங்கிள், கீபோர்ட் உங்களுக்கு ஒரு கெடுதலும் செய்யேல்லயே. ஏன் அதுக்கு இப்பிடி அடிக்கிறியள்?"

"விரல் மடங்குதில்ல டீச்சர்."

"விரலில பிழையில்ல. கோவத்தில பிழை. இது பிள்ளைய நித்திரையாக்கிற கரோல் பாட்டு. நீங்கள் வாசிச்சா அது எழும்பி ஓடிடும்."

கறுப்புக் கட்டை ஒன்றும் வேண்டாம், வெள்ளையில் மட்டும் வாசிக்கலாம் என்று எனக்காக மாற்றித் தந்தாள். பாலர் வகுப்புப் பிள்ளை ஒன்று அதே பாட்டை இரண்டு கிழமையில் படித்துவிட்டு வேறு பாட்டுக்குப் போய்விட்டது. எனக்கு நான்கு மாதம் எடுத்தது. வீட்டில் தினமும் மாலை ஆறு மணிக்கு உட்காருவேன். ஆறு மாதம் என்று போன மனைவிக்கு அங்கே விசாவை நீட்டினார்கள், பிறகு இன்னொரு முறை நீட்டினார்கள். ஃபோனில் அவள் பிள்ளையைக் காட்டுவாள். நான் படிக்கிற விஷயத்தை அவளிடம் சொல்லவில்லை. சொன்னால் வாசித்துக் காட்டச் சொல்வாள். இந்தப் பாட்டு கதவைத் தட்டி வருகிற ஆட்களுக்காக.

மார்கழியில் ஞாயிறு பூசை முடிய அறிவித்தார்கள், எங்கள் ஒழுங்கைக்கு வியாழக்கிழமை என்று. அன்று மத்தியானமே கேக் வாங்கி வெட்டி வைத்தேன். வைன் போத்தலைத் திறந்தேன். கீபோர்ட்டை வாசலைப் பார்த்துத் திருப்பி வைத்தேன். நல்ல சேர்ட் போட்டேன். ஏழு மணிபோலக் கீழே கிட்டார் சத்தம் கேட்டது. என் வீடு மூன்றாம் மாடி. முதல் மாடியில் பாடினார்கள். இரண்டாம் மாடியில் பாடினார்கள், சிரித்தார்கள். நான் கதிரையில் உட்கார்ந்து விரல்களைக் கட்டைகளில் வைத்துக்கொண்டேன். காலடிச் சத்தம் படிகளில் இறங்கிப் போனது.

பல்கணிக்கு ஓடினேன். கோஷ்டி ஒழுங்கையில் நின்றது.

"டேய்! என்ட வீட்டுக்கு ஏன் வரேல்ல?"

கிட்டார்க்காரன் நிமிர்ந்து பார்த்தான். "அங்கிள், ஸ்டார் ஒண்டும் இல்லையே. துக்க வீடெண்டு நினைச்சம்."

எங்கள் ஆட்களின் வழக்கம் அது. ஆள் செத்த வருடம் வாசலிலோ பல்கணியிலோ நட்சத்திரக் கூடு கட்ட மாட்டார்கள். கட்டாத வீட்டில் கரோல் பாட மாட்டார்கள். எனக்கு அது தெரியாதா? தெரியும். ஆனால் கூடு கட்டுவது எப்போதும் மனைவி. முந்திய வருடமும் கட்டிவிட்டுத்தான் பிளேன் ஏறினாள். நான் மாதக்கணக்காகக் கட்டைகளையே பார்த்துக்கொண்டிருந்தேனே தவிர, பல்கணியை ஒரு நாளும் நிமிர்ந்து பார்க்கவில்லை.

"ஆர் செத்தது?" என்று கத்தினேன்.

அவன் பக்கத்தில் நின்றவளைப் பார்த்தான். அவள்தான் சொன்னாள். "ஆன்ரிய ஒரு வருஷமா கோயில்ல காணேல்ல அங்கிள். அதால…"

"அவ அவுஸ்திரேலியாவில இருக்கிறா! நல்லாத்தான் இருக்கிறா! நானும் சாகேல்ல!"

எதிர்வீட்டு ஜன்னல்கள் திறந்தன. ஒழுங்கை முனையில் வானைத் திருப்பி வைத்திருந்த டிரைவர் "யமு, யமு" என்று, போவோம் போவோம் என்று, சிங்களத்தில் கத்தி ஹோர்ன் அடித்தான்.

"சொரி அங்கிள். இன்னும் பதினொரு வீடு இருக்கு" என்றான் கிட்டார்க்காரன். "இஞ்ச நிண்டே உங்களுக்கு ஒண்டு பாடுறம். எது வேணும்?"

என் பாட்டைச் சொன்னேன். அவன் தந்தியைத் தட்டியதும் உள்ளே ஓடினேன். கீபோர்ட் வயர் பல்கணி வரை வராது. அதன் சின்ன ஸ்பீக்கரில் சத்தத்தை முழுதாகக் கூட்டிவிட்டு வாசித்தேன். வாசிக்கத் தொடங்கியவுடனே எனக்கு என் சத்தம் மட்டும்தான் கேட்டது. அவர்கள் எந்த வரியில் இருக்கிறார்கள் என்று தெரியவில்லை. நிறுத்திக் கேட்டிருக்கலாம். நிறுத்தினால் திரும்பத் தொடங்க எனக்குத் தெரியாது, முதலில் இருந்துதான் வரும். அதனால் நிறுத்தவில்லை. பிழை ஒன்றும் விடவில்லை. கடைசிக் கட்டையை டீச்சர் சொன்ன மாதிரி மெதுவாக விட்டேன்.

பல்கணிக்கு வந்து பார்த்தால் ஒழுங்கை வெறுமை. எதிர்வீட்டு மனிசி மட்டும் ஜன்னலில் நின்றாள்.

"நல்லாப் பாடினதுகள், என்ன?" என்றாள். "நீங்கள் ஏன் உள்ளுக்குப் போனனீங்கள்? பிள்ளையள் பாடி முடிச்சிட்டு மேல பார்த்துக் கை காட்டினதுகள்."

உள்ளே போனேன். கேக்கை மூடி வைத்தேன். நான்கு நாள் காலைச் சாப்பாடு அதுதான்.

அடுத்த நாள் கடைத்தெருவில் இருந்ததிலேயே பெரிய நட்சத்திரக் கூட்டை வாங்கி, பல்பு போட்டு, கம்பியால் முறுக்கிக் கட்டினேன். கரோல் கோஷ்டி ஒரு ஒழுங்கைக்கு இரண்டு தரம் வராது. தெரிந்துதான் கட்டினேன்.

இப்போது தவக்காலம் தொடங்கிவிட்டது. போன கிழமை கீழ்வீட்டுக்காரர் படியில் மறித்தார். "அண்ணே, விபூதிப் புதனும் முடிஞ்சுது. இன்னும் ஸ்டார் எரியுது. ஆக்கள் கதைக்கினம்."

"கதைக்கட்டும்" என்றேன். "ஆள் இருக்கிறான் எண்டு கதைக்கட்டும்."

ஆறு மணிக்கு பல்பைப் போடுகிறேன். பிறகு உட்கார்ந்து அந்த ஒரு பாட்டை வாசிக்கிறேன். கீபோர்ட்டை இன்னும் வாசலைப் பார்த்துத்தான் வைத்திருக்கிறேன்.