வெளுத்துக் கிடந்த பார்

காலை 5.40. திருநெல்வேலி புதிய பேருந்து நிலையம். ஏரல் பேருந்தில் ஏறும்போதே நடத்துநர் என் கையிலிருந்ததைப் பார்த்து வழியை மறித்தார். வெள்ளைக் குழாயில் ஒரு மீட்டருக்கு ஒரு மீட்டர் செய்த சதுரச் சட்டம், குறுக்கும் நெடுக்கும் நைலான் நூல்.

"என்னம்மா இது, கட்டில் சட்டமா?"

"கடலுக்கடியில வச்சுப் பவளம் எண்ணுததுக்கு அண்ணாச்சி."

"எண்ணி?"

"எழுதணும்."

"எழுதி?"

சட்டத்தை ஓட்டுநர் இருக்கைக்குப் பின்னால் சாய்த்து வைத்தேன். சட்டத்துக்கும் சேர்த்து டிக்கெட் கிழித்தார், ஐம்பத்தேழு ரூபாய். மேலப்பாளையத்தில் எங்கள் தெருவுக்கு நான் 'மீன் டீச்சர்'. கல்லூரியில் விலங்கியல் நடத்துகிறேன். விடுமுறையில் கடலில் முங்கிப் பவளப்பாறைகளைக் கணக்கெடுக்கிறேன். பதினான்கு வருட வேலை. அந்த மனிதர் கேட்டதை நானே என்னிடம் கேட்டுக்கொண்டதில்லை.

தாமிரபரணி பாதி வழி கூடவே வந்தது. கண்ணில் பட்டதென்னவோ ஆகாயத்தாமரைதான்.

7.15. ஏரல். புன்னக்காயலுக்குப் பதினைந்து கிலோமீட்டர் இருக்கும். ஆட்டோவுக்கு முந்நூறு ரூபாய். கொற்கைக்குப் பிரியும் இடத்தில் ஓட்டுநர், "அங்கன ஒரு காலத்துல கடலு இருந்துச்சாம்லா," என்றார். இப்போது வாழை. துறைமுகமே தோட்டமாகிப்போன ஊர்ப்பக்கம் நான் பவளத்தைக் காப்பாற்றப் போகிறேனாம்.

8.20. புன்னக்காயல். சூசை படகோடு காத்திருந்தார். என்னோடு முங்கும் தோழி ரெஜினா தூத்துக்குடியிலிருந்து காற்று உருளைகளோடு வந்து, ஏற்கெனவே படகில் உட்கார்ந்திருந்தாள்.

சூசை சங்கு குளிப்பவர். குளித்தவர் என்று சொல்ல வேண்டும். கடலடிப் பாறைத் திட்டை இங்கே பார் என்பார்கள். கரையிலிருந்து ஆறு கிலோமீட்டரில் இருக்கும் ஒரு பாரை மூன்று வருடத்துக்கு முன் எனக்குக் காட்டியவர் அவர்தான். மாதா கோயில் கோபுரத்தையும் செல்போன் கோபுரத்தையும் கண்ணாலேயே ஒரு கோட்டில் நிறுத்தி இடம் பிடித்தார். நான் முங்கினேன், மயங்கினேன், அறிக்கை எழுதினேன். அங்கே நங்கூரம் போடக்கூடாது, யாரும் முங்கக்கூடாது என்று பரிந்துரைத்தேன். எதற்கும் அசையாத அதிகாரிகள் இதற்கு மட்டும் உடனே அசைந்து, மிதவை கட்டி எல்லை போட்டார்கள். சூசையும் இன்னும் பத்து வீட்டு ஆண்களும் சங்கெடுத்துப் பிழைத்த பார் அது. சூசை இப்போது உப்பளத்தில் மூட்டை ஏற்றுகிறார்.

பார் செழித்திருக்கும், அதை அவரிடமே சொல்லலாம் என்ற ஆசையில்தான் அவர் படகைக் கேட்டிருந்தேன்.

"நல்லா வளந்திருக்கும்லா டீச்சர்?" வழியிலேயே கேட்டார். "அப்படின்னா ஊருல சொல்லுவேன். நம்ம பொழப்பு சும்மா போகல, பாரு பொழச்சிருக்குன்னு."

அனுமதிக் கடிதத்தில் எங்கள் இருவர் பெயர்தான். பாரைக் காட்டியவர் தண்ணீரில் தலையை நனைக்கக்கூடாது.

9.30. ஐந்து மீட்டர் ஆழம். மான்கொம்புப் பவளம் முழுக்கச் சுண்ணாம்பு அடித்ததுபோல் நின்றது. சூடு தாங்காத பவளம் தனக்குள் வாழும் பாசியை வெளியே தள்ளிவிடும். பாசிதான் அதற்கு நிறம், பாசிதான் சாப்பாடு. பிறகு பட்டினி. சட்டத்தை முப்பது இடத்தில் வைத்து எண்ணினேன். நிறத்தோடு இருந்தவற்றுக்கு என் கைவிரல்கள் போதும். முகக்கண்ணாடிக்குள் அழுதால் துடைக்க வழியில்லை. அழுதேன்.

10.40. படகில் ஏறியதும், "வெளுத்துப்போச்சு அண்ணாச்சி," என்றேன்.

"யாரு வந்தா?" சூசையின் குரல் மாறியது. "எந்தக் களவாணிப்பய?"

"யாரும் வரல. தண்ணி சூடு. அதுக்குத் தாங்கல."

மிதவையையே பார்த்துக்கொண்டிருந்தார். "அப்போ எங்களால இல்ல."

"இல்ல."

"அத எழுதுவியளா?"

"எழுதுவேன்."

"எழுதுனா எங்கள உள்ள விடுவாவளா?"

பொய் சொல்லியிருக்கலாம். ஆனால் வெளுத்த பவளம் முழுக்கச் செத்துவிடவில்லை. தண்ணீர் குளிர்ந்தால் கொஞ்சமாவது மீளும். அதுவரை எந்தத் தொந்தரவும் கூடாது. எல்லையை இன்னும் அகலமாக்கச் சொல்லித்தான் நான் எழுதியாக வேண்டும். அதை அவரிடம் சொன்னேன். ரெஜினா தலையைக் குனிந்துகொண்டாள்.

சூசை கோபப்படவில்லை. பட்டிருந்தால் எனக்கு நன்றாயிருந்திருக்கும். எஞ்சினைக் கிளப்பினார்.

12.00. கரை. சாமான்களை இறக்கிவைத்துவிட்டுப் பைய அருகில் வந்தார்.

"போன தடவ அறிக்கையில எனக்கு நன்றின்னு பேரு போட்டிய. பேப்பர்லயும் வந்துச்சு. கோயில்ல பூசைக்கு நின்னா எம் பக்கத்துல எவனும் நிக்க மாட்டக்கான். எம் மவள பள்ளிக்கூடத்துல, காட்டிக்குடுத்தவன் மவளுன்னு சொல்லுதுவளாம். இந்தத் தடவ எம் பேரு வேண்டாம் டீச்சர்."

நன்றி சொல்லிப் பெயர் போடுவது எங்கள் துறையில் மரியாதை. அதைப் பெருமையாகச் செய்தேன். இந்த ஊரில் அந்த ஒரு வரி என்ன செய்யும் என்று ஒரு நிமிடம்கூட யோசிக்கவில்லை. படித்த திமிர் என்பதைத் தவிர வேறு பெயர் இல்லை அதற்கு.

மாலை 4.30. மேலப்பாளையம். "மீன் டீச்சர், இன்னைக்கு என்ன பாத்திய?" என்று தெருமுனைக் கடையில் சிரித்தார்கள். நான் கடலுக்குப் போய்வந்தால் என் தெருவில் எனக்கு ஒரு பட்டப்பெயர் கூடுகிறது. என்னைக் கடலுக்குக் கூட்டிப்போனவருக்கு அவர் தெருவில் கிடைத்த பட்டம் வேறு.

இங்கே சூசை என்று எழுதியிருப்பது அவர் பெயரல்ல. அவர் கேட்டதில் என்னால் கொடுக்க முடிந்தது அது ஒன்றுதான்.