சிவப்பு வராத முகம்

என் மகனுக்கு அப்போது ஒன்பது வயது. பிறந்ததிலிருந்தே காது கேட்காது. பேச்சும் வரவில்லை. எங்களுக்கு மட்டும் புரிகிற சில ஒலிகள், கைச்சாடைகள், அவ்வளவுதான். ஒரு வியாழக்கிழமை மாலை காரைக்குடி பேருந்து நிலையத்தில், பழக்காரியிடம் மீதிச் சில்லறை வாங்கிக்கொண்டு திரும்பினேன். பக்கத்தில் நின்ற பிள்ளையைக் காணோம். எங்கள் அமராவதிபுதூர் வண்டி என்று நினைத்து வேறு ஏதோ டவுன் பஸ்ஸில் ஏறியிருக்க வேண்டும். எந்த வண்டி என்று பார்த்தவர் யாரும் இல்லை.

விடியும்வரை தேடினோம். காவல் நிலையத்தில் இருந்தவர் முதலில் கேட்டது, பையன் பெயர் சொல்லுவானா என்று. சொல்ல மாட்டான் என்றேன். ஊர் கேட்டால்? அதுவும் சொல்ல மாட்டான். அவர் பேனாவை மூடிவிட்டு, அப்படியானால் படம் போட்டு நோட்டீஸ் அடித்து எல்லா வண்டிக்கும் கொடுங்கள் என்றார். என் கணவர் ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு ஊரணிக் கரைகளைப் பார்க்கப் போனார். ஊரணிக்கு எதற்கு என்று நான் கேட்கவில்லை.

என் கைப்பையில் கிறிஸ்துமஸுக்கு எடுத்த படம் இருந்தது. புதுச் சிவப்புச் சட்டையில் சிரித்துக்கொண்டிருந்தான். காணாமல் போனபோது போட்டிருந்ததும் அதே சட்டைதான். ஜெராக்ஸ் கடையில் ஒன்று எடுத்துப் பார்த்தேன். முகம் இருந்த இடத்தில் கரியைத் தேய்த்த மாதிரி வந்தது. அச்சகத்தில் கலர் வேண்டுமென்றால் சிவகாசிக்கு அனுப்பித்தான் அடிக்க வேண்டும் என்றார்கள். தொண்ணூறுகளின் கடைசி அது. பேருந்து நிலையத்துக்கு எதிரில் மாடியில் புதிதாக ஒரு கம்ப்யூட்டர் சென்டர் வந்திருந்தது. அங்கே கலர் பிரிண்டர் உண்டு என்று கேள்விப்பட்டிருந்தேன். காலையில் கடை திறக்கும்போது நான் படியில் உட்கார்ந்திருந்தேன்.

கடைக்காரருக்கு முப்பது வயது இருக்கும். அவருடைய மகள் நான் பாடம் எடுக்கும் பள்ளியில் படித்தாள். விஷயத்தைச் சொன்னதும் ஊதுபத்தியைக்கூடப் பாதியில் வைத்துவிட்டு வந்தார். படத்தை ஸ்கேன் செய்தார். ‘காணவில்லை, சிவப்புச் சட்டை, காது கேளாதவன்’ என்று எங்கள் விலாசத்தோடு கீழே கறுப்பில் அடித்தார். நல்ல வேளையாக முந்தைய நாள் ராத்திரிதான் பிரிண்டருக்குப் புதுக் கலர் டப்பா போட்டதாகச் சொன்னார்.

முதல் தாள் வந்தது. என் பிள்ளை அப்படியே இருந்தான். அதைக் கையில் வாங்கியபோதுதான் முந்தைய நாளிலிருந்து அடக்கி வைத்திருந்த அழுகை வந்தது. இரண்டாவது தாளும் நன்றாக வந்தது. மூன்றாவதில் கன்னம் வெளுத்தது. நான்காவதில் சிவப்பே இல்லை. சட்டை மஞ்சளாகிவிட்டது. முகம் பச்சை பாரித்து, உதடு நீலமாக இருந்தது. கண்மாயிலிருந்து தூக்கி வந்த ஒருவரை அந்த நிறத்தில் நான் பார்த்திருக்கிறேன். தாளைக் கவிழ்த்து வைத்தேன்.

“புதுசுதான டீச்சர், சரி பண்ணிருவோம்” என்றார் கடைக்காரர். கம்ப்யூட்டரிலேயே சுத்தம் செய்யும் வழி இருந்தது. பிரிண்டர் கொஞ்ச நேரம் உறுமி மையைத் துப்பியது. அடுத்த தாளில் சிவப்பு பாதிப் படம்வரை வந்து நின்றுவிட்டது. திரும்பச் சுத்தம் செய்தார். இந்த முறை கால்வாசிகூட வரவில்லை. டப்பாவைக் கழற்றி அதன் அடிப்பாகத்தை ஈரத்துணியில் ஒற்றினார். மஞ்சளும் நீலமும் பளிச்சென்று ஒட்டின. சிவப்பு மட்டும் ரேகை மாதிரி விழுந்தது. வேறு டப்பா இல்லையா என்று கேட்டேன். மதுரையிலிருந்து வர வேண்டும், சாயங்காலம் ஆகிவிடும் என்றார்.

ஜன்னல் வழியாக வண்டிகள் ஒவ்வொன்றாக வெளியே திரும்புவது தெரிந்தது. தேவகோட்டை, திருப்பத்தூர், புதுக்கோட்டை. ஒவ்வொன்றும் அவன் படம் இல்லாமல் போய்க்கொண்டிருந்தது. பச்சை முகத்தோடு அந்தத் தாள்களையே ஒட்டிவிடலாமா என்று யோசித்தேன். சிவப்புச் சட்டை என்று எழுதி மஞ்சள் சட்டையைக் காட்டினால் யார் நம்புவார்கள்?

அந்த நேரம் பார்த்து மின்சாரம் போனது. கடைக்காரர் எனக்கு டீ வாங்கி வந்தார். அது ஆறிப்போகும்வரை கையிலேயே வைத்திருந்தேன். மின்சாரம் வந்ததும் அவர் நம்பிக்கையில்லாமல் ஒரு தாளை விட்டார். சிவப்பு முழுதாக வந்தது. அடுத்த தாளின் நடுவில் மறுபடியும் மங்கியது.

அது என்னை உறுத்தியது. யாரும் எதுவும் செய்யவில்லை. சும்மா இருந்ததற்கு மை வந்திருக்கிறது, ஓட விட்டால் நிற்கிறது. அடைப்பு என்றால் எப்போதும் அல்லவா அடைத்திருக்க வேண்டும்? வீட்டில் எண்ணெய் டின்னுக்கு ஒரே ஒரு ஓட்டை போட்டுச் சாய்த்தால் இப்படித்தான் கொஞ்சம் ஊற்றி நின்றுவிடும். காற்று போக எதிர்ப்பக்கம் இன்னொரு ஓட்டை போட வேண்டும். பிள்ளை எங்கே கிடக்கிறானோ, நான் எண்ணெய் டின்னை நினைத்துக்கொண்டிருக்கிறேனே என்று என் மேலேயே வெறுப்பாக இருந்தது. ஆனாலும் கேட்டுவிட்டேன், இதற்குள் காற்று எந்த வழியாகப் போகும் என்று.

அவர் டப்பாவைக் கழற்றித் திருப்பிப் பார்த்தார். தலையில் ஊசிமுனை அளவுக்கு மூன்று துளைகள், மூன்று நிறத்துக்கு. இரண்டுதான் கண்ணில் பட்டன. மூன்றாவது இருக்க வேண்டிய இடத்தில் வட்டமாகச் சந்தனம், நடுவில் குங்குமம், காய்ந்து ஓடு மாதிரி இறுகியிருந்தது. அந்தக் கடையில் எந்தப் புதுப்பொருள் வந்தாலும் பொட்டு வைத்த பிறகுதான் வேலையைத் தொடங்குவார்கள். மானிட்டருக்கு இருந்தது, நாற்காலிக்கு இருந்தது. அதைப் பார்த்துக்கொண்டேதான் அவ்வளவு நேரமும் உட்கார்ந்திருந்தேன்.

கடைக்காரருக்கும் புரிந்துவிட்டது. ஆனால் கை போகவில்லை.

“வெள்ளிக்கெழமையும் அதுவுமா, வச்ச பொட்ட எப்படி டீச்சர் அழிக்கிறது?” என்றார். “அதுவும் காணாமப் போன பிள்ளைக்கான வேலைல. நீங்க வேதக்காரவுக, ஒங்களுக்கு இது தெரியாது. எனக்கு மனசு கேக்கல.”

எனக்குக் கோபம் வரவில்லை. அவர் என் மகனுக்காகத்தான் பயந்தார். முந்தைய இரவிலிருந்து நானும் ஜெபமாலையைக் கீழே வைக்கப் பயந்து விரலில் சுற்றியபடியே இருந்தேன். புடவையில் குத்தியிருந்த ஊசியைக் கழற்றி நீட்டினேன்.

“அழிக்க வேண்டாம் தம்பி. பொட்டு இருக்கட்டும். நடுவுல ஒரு ஓட்டை மட்டும் போடுங்க.”

அவர் ஊசியைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு குங்குமத்தின் நடுவில் மெதுவாகக் குத்தினார். டப்பாவை மாட்டினார். முதல் தாள் நன்றாக வந்தது. அதை நான் நம்பவில்லை. மூன்றாவது வந்தது, நான்காவது வந்தது. பத்துத் தாள் தாண்டியும் சட்டை சிவப்பாகவே இருந்தது. மை காய்வதற்குள் எடுத்துக்கொண்டு படியிறங்கி ஓடினேன். ஒவ்வொரு வண்டியாக ஏறி, பசை தடவி, வாசல் பக்கத்துக் கண்ணாடியில் நானே ஒட்டினேன்.

பிற்பகலில் கண்டரமாணிக்கம் போய்த் திரும்பிய வண்டியிலிருந்து கண்டக்டர் அவனைக் கையைப் பிடித்து இறக்கினார். அங்கே பெட்டிக்கடை வைத்திருந்த ஒரு அம்மா இரவு சோறு போட்டுப் படுக்க வைத்திருக்கிறார். காலையில் காரைக்குடிக்குக் கூட்டிவரப் பார்த்தபோது, எந்த வண்டியிலும் ஏற மாட்டேன் என்று கம்பத்தைக் கட்டிக்கொண்டானாம்.

“நாங்க ஒண்ணும் தேடல டீச்சர்” என்றார் கண்டக்டர். “வண்டி நின்னுச்சு. கண்ணாடில இருந்த படத்தையும் சட்டையையும் மாத்தி மாத்தித் தொட்டுப் பாத்தான். பெறகு மகராசன் மாதிரி ஏறி மொத சீட்டுல உக்காந்துட்டான். டிக்கெட் கேட்டா, படத்தக் காமிக்கிறான்.”

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். நான் அவனை இறுகப் பிடித்துக்கொண்டு வாசல் பக்கத்துக் கண்ணாடியைப் பார்த்தேன். அந்தக் கண்ணாடியில் பச்சை முகமும் மஞ்சள் சட்டையும் இருந்திருந்தால் அவன் தொட்டுப் பார்த்திருப்பானா, கம்பத்தை விட்டிருப்பானா? இப்போது எழுதும்போதும் அந்தக் கேள்வியைத் தாண்ட என்னால் முடியவில்லை.

பிள்ளை கிடைத்துவிட்டான் என்பதை வண்டிகளிலிருந்த நோட்டீஸ்கள் அறியவில்லை. வெயிலில் வெளுக்கும்வரை கண்ணாடிகளில் இருந்தன. தெருமுனைக்கு மிட்டாய் வாங்கப் போனவனை முன்பின் தெரியாத ஆட்கள் பிடித்துக்கொண்டு வந்து வீட்டில் ஒப்படைத்தார்கள். ஒருமுறை பள்ளிக்குப் போகிற வழியிலேயே மடக்கிக் கூட்டிவந்துவிட்டார்கள். அவனுக்கு ஒரே ஆத்திரம், வாசலில் நின்று காலை உதைப்பான். போய்க் கிழித்துப் போட்டு வருகிறேன் என்று கணவர் பலமுறை கிளம்பினார். இருக்கட்டும், இன்னும் கொஞ்ச நாள் இருக்கட்டும் என்று ஒவ்வொரு முறையும் நான் அவரைத் தடுத்துவிட்டேன்.