டயாலிசிஸ் ஹாலில் ஓர் உள்நாட்டுப் போர்

அமெரிக்காவில், மில்பிடாஸில் ஒரு டயாலிசிஸ் சென்டரில் நான் சார்ஜ் நர்ஸ். யாருக்கு எந்த நாற்காலி, எந்த மெஷின் என்று முடிவு செய்வது என் வேலை. கையில் ஊசி ஏற்றிவிட்டால் நாலு மணி நேரம் யாரும் எழுந்திருக்க முடியாது. பக்கத்து நாற்காலிக்காரரைப் பிடிக்கவில்லை என்றாலும் உட்கார்ந்தே ஆகவேண்டும்.

மிஸ்டர் லின் தைவானிலிருந்து வந்து, இங்கே ஒரு சர்க்யூட் போர்டு கம்பெனியில் வேலை பார்த்து ரிட்டயர் ஆனவர். மனைவி இல்லை, பிள்ளைகள் வெளியூரில். வாயே திறக்கமாட்டார். அப்போது புதிதாக மிஸ்டர் காவோ சேர்ந்தார். சீனாவிலிருந்து மகள் வீட்டுக்கு வந்து இங்கேயே தங்கிவிட்டவர். எங்கள் டெக்னீஷியன் ரேவதி, திருவான்மியூர்ப் பெண், குஷியாக ஓடி வந்தாள்.

"அக்கா, ரெண்டு பேரும் சைனீஸ்! பக்கத்து பக்கத்துல போட்டுடலாம். பாவம், பேச்சுத்துணைக்கு ஆள் கிடைக்கும்."

எனக்கும் சரியென்றே பட்டது. நம் பக்கத்தில் ஒரு தமிழ்க்காரரை உட்காரவைத்தால் நாமெல்லாம் கையெடுத்துக் கும்பிடமாட்டோமா!

கொஞ்ச நேரம் சிரித்துப் பேசினார்கள். அப்புறம் குரல் ஏறியது. லின்னின் மெஷினில் அலாரம் அடித்தது. ஓடிப்போய்ப் பார்த்தால் பிரஷர் எங்கேயோ நிற்கிறது.

"ஊசியை எடுங்க. நான் வீட்டுக்குப் போறேன்," என்றார் லின், ஆங்கிலத்தில்.

"பாதிகூட முடியலையே, மிஸ்டர் லின். என்ன ஆச்சு?"

"இவரோட அப்பா கம்யூனிஸ்ட் படை. எங்க அப்பா தேசியவாதிங்க படை. நாட்டை யார் ஆள்றதுன்னு நடந்த சண்டையில தோத்து, கப்பல் ஏறி தைவானுக்கு ஓடினார். அவர் தம்பி கரையிலயே நின்னுட்டார். எங்க அப்பா சாகற வரைக்கும் தம்பியைப் பாக்கல."

காவோ விடுவாரா? "இவங்க ஆளுங்க ஆண்டப்போ எங்க ஊர்ல சோறில்லாம செத்தாங்க. எங்க அப்பா சும்மாவா துப்பாக்கி தூக்கினார்?"

எனக்குத் தலை சுற்றியது. அப்பாக்கள் போட்ட சண்டை, இங்கே என் மெஷின் அலறுகிறது!

லின் பிடிவாதமாக ஊசியை எடுக்கவைத்து, பாதியிலேயே கிளம்பிப் போனார். அடுத்த இரண்டு முறையும் வரவில்லை. டயாலிசிஸை விட்டால் உடம்பில் தண்ணீர் சேரும், பொட்டாசியம் ஏறும், இதயம் நின்றுபோகும். போனில் கத்தினேன்.

"உங்களுக்குக் கட்சி முக்கியமா, உயிர் முக்கியமா?"

"அந்த ஆள் பக்கத்துல உட்கார மாட்டேன்."

வேறு ஷிஃப்டில் இடமில்லை. காவோவைக் கோடிச் சுவரோரம் மாற்றிவிட்டு, மறுபடி லின்னைக் கூப்பிட்டேன். வந்தார், கால்கள் வீங்கி, மூச்சு வாங்க. பார்த்ததும் மெஷினில் போட்டேன். அன்று அவர் பிழைத்தது அதிர்ஷ்டம்தான்.

சில வாரம் அலாரமே இல்லை. லின் பழையபடி வாய் திறக்காமல் கூரையைப் பார்த்துக் கிடந்தார். அப்பாடா என்றிருந்தது எனக்கு. ஒருநாள் ஊசி ஏற்றும்போது, "அந்த ஆளை மறுபடி இங்கயே போடுங்க," என்றார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "விளையாடறீங்களா? அன்னிக்கு செத்துப் பொழைச்சீங்க!"

அவர் ஹாலை ஒருமுறை சுற்றிப் பார்த்தார். "என் பசங்களுக்கே அந்தக் கதை வேணாம். இங்க இத்தனை பேர் இருக்கீங்க. எங்க அப்பா எதுல தோத்தார்னு தெரிஞ்சவர் அவர் ஒருத்தர்தான்."

ஊசி மேல் டேப்பை ஒட்டி முடித்தேன். பிறகு காவோவிடம் போய், பயந்துகொண்டே கேட்டேன்.

"வர்றேன்," என்றார். "அன்னிக்கு நான் சொல்ல வந்ததை அவர் முடிக்கவே விடல."

கத்தலாம், ஆனால் ஊசி ஏறிய கையை ஆட்டக்கூடாது, பாதியில் எழுந்து போகக்கூடாது என்று இருவரிடமும் சத்தியம் வாங்கிக்கொண்டு, மறுபடி பக்கத்து பக்கத்தில் போட்டேன்.

புதிதாக வரும் நர்ஸ்களிடம் நான் சொல்வது இதுதான்: யாருக்கு யார் துணை என்று நாமே முடிவு பண்ணவேண்டாம், அவர்களைக் கேளுங்கள். லின் அதற்குப் பிறகு ஒருமுறைகூட டயாலிசிஸைத் தவறவிடவில்லை. சண்டை இன்னும் முடியவில்லையாம்.