மேட்டாங்காட்டில் இறங்க அனுமதி இல்லை

இது நடந்தது. தேதிகூடச் சொல்கிறேன்: 1996 ஆகஸ்ட் 14, புதன்கிழமை. பொய் சொல்வதாக இருந்தால் ஒரு வெள்ளைப் புடவையும் நாலு கொலுசுச் சத்தமும் சேர்த்திருப்பேன். எனக்கு அதற்கென்ன பஞ்சம்? இதில் அதெல்லாம் கிடையாது. வந்தது வெறும் தபால் கார்டு.

கோபாலசாமி கோயமுத்தூர் கணபதியில் ஒரு வார்ப்பட்டறையில் செக்கர். பம்ப் வார்ப்புகளைச் சுத்தியலால் தட்டிக் காது கொடுத்துக் கேட்பார். ஓசை பிசகினால் சாக்பீஸால் ஒரு பெருக்கல் குறி. அப்படித் தள்ளிய ஒன்றை மறுபடி எடுக்க வேண்டுமானால் அவரே தன் கைப்பட, ‘நான் பார்த்தது தவறு, காரணம் இது’ என்று எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். அதுதான் பட்டறை வழக்கம். பத்தொன்பது வருஷத்தில் அவர் ஒருமுறைகூட அப்படி எழுதியதில்லை. தப்பே செய்யாதவர் என்பதல்ல, எழுதாதவர்.

வேலை முடிந்தால் காந்திபுரம். அங்கே யூனுஸின் ஜெராக்ஸ் கடைக்கு மேலே ஓர் அறை. அதிலிருந்து ‘அண்ட வழிகாட்டி’ என்று எட்டுப் பக்கத்தில் ஒரு பத்திரிகை நடத்தினார். கி.பி. 2600இல் விண்கப்பல்கள் எந்தத் துறையில் இறங்கலாம், எதில் கூடாது என்று சொல்லும் பட்டியல் அது. வாசகர்கள் நூற்றுப் பன்னிரண்டு பேர். ஆளுக்கொரு விண்துறையைக் கற்பனை செய்துகொண்டு மாதம் ஒரு கார்டு போடுவார்கள். எரிபொருள் உண்டா, பழுது பார்க்கக் கொட்டகை உண்டா, தன் கப்பல் இந்த மாதம் யாருடைய துறையில் இறங்கியது... எல்லாம் அதில் இருக்கும். கோபாலசாமி தரம் போடுவார். சகல வசதியும் இருந்தால் அ. குறையக் குறைய ஆ, இ, ஈ, உ. மூன்று மாதம் கார்டே வராவிட்டால் ஃ. ஆளில்லை, எந்தக் கப்பலும் இறங்கக் கூடாது என்று அதற்குப் பொருள்.

மயில்சாமி பல்லடத்தில் விசைத்தறி ஓட்டுபவர். அவருடைய துறை மேட்டாங்காடு. ஒரு விளக்கு, ஒரு குடம் தண்ணீர், ஓர் ஆள். தரம் உ. ஆனால் ஒவ்வொரு கார்டின் அடியிலும் ‘எந்நேரமும் இறங்கலாமுங்க’ என்று இருக்கும். வாசகர்கள் தங்கள் கப்பல்களை அங்கேதான் கொண்டுபோய் இறக்கினார்கள். கோபாலசாமிக்கும் சொந்தமாக ஒரு துறை இருந்தது. பன்னிரண்டு கொட்டகை, சலவைக்கல் தரை, அ தரம். அங்கே ஒரு காக்காய்கூட இறங்கவில்லை.

எரிச்சலில் ஒரு காரியம் செய்தார். மயில்சாமியின் மூன்று மாதக் கார்டுகளையும் மேசை இழுப்பறைக்குள் போட்டுப் பூட்டினார். ஜூலை இதழில் மேட்டாங்காட்டுக்கு ஃ. கப்பல்கள் நின்றுபோயின. ‘தவறாமல் போட்டேனுங்களே, வரலீங்களா?’ என்று கேட்டு ஒரு கார்டு வந்தது. அதுவும் இழுப்பறைக்குள் போயிற்று. அன்றிலிருந்து அந்த இழுப்பறைப் பக்கம் கை போனாலே அவருக்கு நெஞ்சில் ஏதோ உறுத்தும். உறுத்தியும் மாற்றவில்லை.

அந்தப் புதன்கிழமை மாலை 6.10க்குக் கரண்ட் போனது. மெழுகுவத்தி ஏற்றிவைத்துக்கொண்டு உட்கார்ந்தார்.

6.14. சரக்...

கதவுக்கு அடியில் ஒரு தபால் கார்டு. தபால்காரர் வருவது காலை பதினொரு மணிக்கு. எடுத்துப் பார்த்தார். பழக்கமான உருண்டை எழுத்து.

‘மேட்டாங்காட்டுக்கு மேலே ஒரு கப்பல் சுற்றுகிறது. உள்ளே ஒருவர். எரிபொருள் நாற்பது நிமிடம். இறங்க விடமாட்டேன் என்கிறார்கள். தரத்தை மாற்றித் தரவும். மயில்சாமி.’

கதவைத் திறந்தார். ஆளில்லை. கீழ்ப்படியில் யூனுஸ் அட்டையால் விசிறிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

“ஏனுங்க யூனுஸு, இப்ப யாரு மேல வந்தது?”

“ஒருத்தரும் வரலீங்க. வழியை அடைச்சுட்டு நான்தானே உக்காந்திருக்கேன். உங்க பேப்பரைத் தேடி ஒரு ஆள் வாரதுன்னா அது வானத்துல இருந்துதான் வரணுமுங்க.”

கோபாலசாமி சிரிக்கவில்லை. கார்டில் பஞ்சுத் தூசி ஒட்டியிருந்தது. மை இன்னும் காயவில்லை.

6.24. சரக்...

‘முப்பது நிமிடம்.’

அப்போதுதான் அந்த ஓசை கேட்டது. டடக்... டடக்... டடக்... தறி ஓடும் ஓசை. தலைக்கு மேலே. மேலே வெறும் மொட்டை மாடி. கரண்ட் இல்லாமல் எந்தத் தறி ஓடும்? ஓசை ஓரிடத்தில் நிற்கவும் இல்லை. வடக்கு மூலை... கிழக்கு மூலை... தெற்கு மூலை... வட்டமடித்துக்கொண்டிருந்தது.

6.34. ‘இருபது நிமிடம்.’

“யூனுஸு! மாடியில சத்தம் கேக்குதுங்களா?”

“என்ன சத்தமுங்க? கரண்ட் போனதுல ஊரே ஊமையாட்டக் கெடக்குது.”

ஒரு தாளை இழுத்தார். ‘திருத்தம். மேட்டாங்காடு, உ தரம். இறங்கலாம். காரணம்...’

பேனா நின்றது. பத்தொன்பது வருஷம் எழுதாத கை. வெகுநேரம் யோசித்து, ‘அச்சுப் பிழை’ என்று எழுதினார்.

தாளை யாருக்கும் காட்டவில்லை. அது மேசைமேலேயே கிடந்தது.

6.50. சரக்...

‘அச்சுப் பிழை என்றால் ஏற்க மாட்டார்களாம். நான்கு நிமிடம்.’

மெழுகுவத்திச் சுடர் ஒரு பக்கமாகச் சாய்ந்தது. காற்றே இல்லை.

அடித்துவிட்டு எழுதினார். ‘கார்டுகள் வந்தன. நான்தான்...’

அடுத்த சொல் வரவில்லை.

டடக்... டடக்......

அடித்தார். மறுபடி எழுதினார்.

டடக்.........

6.54. ஓசை நின்றது.

எதுவும் விழவில்லை. எதுவும் இறங்கவில்லை.

‘எல்லாக் கார்டும் வந்தன. நான்தான் ஒளித்தேன். பொறாமை. கோபாலசாமி.’

எழுதி முடித்தபோது 6.58. கரண்ட் வந்தது.

மறுநாள் வியாழன், சுதந்திர தின விடுமுறை. பல்லடம் போயிருக்கலாம், போகவில்லை. வெள்ளியும் போகவில்லை, சனியும் போகவில்லை. பாதி பயம், பாதி வெட்கம். ஞாயிற்றுக்கிழமைதான் அந்தத் திருத்தத் தாளையும் கதவடியில் வந்த நான்கு கார்டுகளையும் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு பஸ் ஏறினார்.

மயில்சாமி வீட்டின் முன்னால் பந்தல் போட்டிருந்தது.

பெயரைச் சொன்னதும் அவருடைய மனைவி கனகம் எழுந்து வந்தாள். “கோயமுத்தூர் பேப்பர்காரருங்களா? வாங்க, உக்காருங்க. புதன்கிழமை போயிட்டாருங்க.”

கோபாலசாமி சட்டைப் பைக்குள் கைவிட்டார். கார்டுகளை நீட்டினார். அவள் ஒவ்வொன்றாகப் புரட்டினாள்.

“இது என்ற கையெழுத்துத்தானுங்க. அவருக்கு எழுத வராது. தறியில நின்னுட்டே சொல்லுவாரு, நான் எழுதுவேன். ஆனா இதை நான் எழுதலீங்களே...” தேதியைப் பார்த்தாள். “அன்னைக்குச் சாயங்காலம் எப்படிங்க எழுதறது? நெஞ்சு வலிக்குதுன்னாரு. கார்ல போட்டுட்டுச் சுத்துனோம். என்ற ரெண்டு கையும் அவரு தலையைத்தான் புடிச்சிருந்துதுங்க.”

“சுத்துனீங்களா... எங்கம்மா?”

“மூணு ஆஸ்பத்திரிங்க. ரெண்டுல டாக்டர் இல்லைன்னு திருப்பி அனுப்பிப்போட்டாங்க. மூணாவதுல டாக்டர் இருந்தாரு, ஆனா வாட்ச்மேன் கேட்டையே தொறக்கலைங்க. எத்தனை கெஞ்சியும் உள்ள உடமாட்டேன்னுட்டான். அப்பறம் என்ன நெனச்சானோ, அவனே ஓடியாந்து தொறந்துபோட்டான். மணி ஆறு அம்பத்தெட்டுங்க.”

முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

“நாலு நிமிஷம் முந்தி உட்டிருந்தாப் பொழைச்சிருப்பாருன்னு டாக்டர் சொன்னாருங்க.”