அம்மை இல்லை என்று எழுதிய சீட்டு

மூன்றாம் வகுப்பில் எனக்கு மூன்று நாள் காய்ச்சல். நான்காம் நாள் காய்ச்சல் விட்டது. நெஞ்சிலும் முதுகிலும் சிவப்புப் புள்ளிகள் பூத்தன. அரிப்பில்லை, வலியில்லை. மறுநாள் பள்ளியிலிருந்து மிருகக்காட்சி சாலைக்குக் கூட்டிப்போகிறார்கள். நீர்யானையைப் பார்க்க ஒரு மாதமாக நாள் எண்ணிக்கொண்டிருந்தவன் நான்.

அம்மா சட்டையைத் தூக்கிப் பார்த்தாள். "ஆத்தா வந்திருக்கா" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டாள். சற்று நேரத்தில், மலையாள ஊரான ஆரியசாலையில் எங்கள் ஒற்றை அறை வாசலில் வேப்பிலை தொங்கியது. இனி குளியல் கிடையாது, பள்ளி கிடையாது, தாளிப்பும் கிடையாது. ஆத்தா இருக்கும் வீட்டில் எண்ணெயில் கடுகு வெடிக்கக் கூடாது.

சாலைச் சந்தைக் கடைகளில் மூட்டை தூக்கும் அப்பாவுக்குச் சந்தேகம். இளநீர் வாங்கித் தருவதாக அம்மாவிடம் சொல்லி என்னை நேரே டாக்டரிடம் கொண்டுபோனார். டாக்டர் புள்ளிகளை அழுத்திப் பார்த்தார், வாயைத் திறக்கச் சொன்னார், சிரித்தார். வைரஸ் காய்ச்சல் போகிறபோக்கில் விட்டுப்போனது, தானே மறையும் என்றார்.

"ஒரு சீட்டு எழுதித் தரணும் சாரே. நான் பறஞ்சா வீட்ல நம்ப மாட்டா."

மலையாளத்தில் எழுதித் தந்தார். அப்பா என்னை வாசலில் விட்டுவிட்டு வேலைக்கு நழுவினார். டாக்டரிடம் போனதற்கான திட்டு முழுவதும் எனக்கே கிடைத்தது. அது ஓய்ந்ததும் சீட்டை நீட்டினேன். அப்போதுதான் சிக்கல் புரிந்தது. எங்கள் வீட்டில் எழுத்துத் தெரிந்தவன் ஒருவன்தான், நோயாளியும் அவனே.

"படில."

"இது அம்மை இல்ல. குளிக்கலாம். பள்ளிக்கூடம் போலாம்."

"நீர்யானையப் பாக்கலாம்னும் எழுதியிருக்குமே?"

"இல்லம்மா. அத எழுதல."

அம்மா சீட்டில் ஒரு சொல்லின் மேல் விரல் வைத்தாள். "இது?"

"குளிக்கலாம்."

வேறொன்றில் வைத்தாள். "பள்ளிக்கூடம்" என்றேன். சீட்டைத் தலைகீழாகத் திருப்பி, முதலில் தொட்ட சொல்லையே மறுபடி தொட்டாள். நானும் கழுத்தைச் சாய்த்து, "குளிக்கலாம்" என்றேன். சீட்டை மடித்து மாரியம்மன் படத்தின் முன் வைத்தாள். வேப்பிலையைக் கழற்றவில்லை.

காலையில் எழுந்திருக்க மனமில்லாமல் பாயிலேயே கிடந்தேன். அடுப்புப் பக்கம் சடசடவென்று சத்தம். கடுகு!

"எந்திரில, வெந்நி ஆறுது."

"ஆத்தா போயிட்டாளாம்மா?"

"சீட்ட அவ முன்னாடி வச்சேன்லா. படிச்சிருப்பா."