மூடிவைத்த தட்டு

எங்கள் மருமகள் அமெரிக்காவில் பிறந்தவள். மகனை மணந்து மெல்பேர்னுக்கு வந்த ஆண்டிலேயே, நவம்பர் மாதத்து நன்றி நவிலும் நாளைத் தன் ஊரிற் போலவே இங்கும் கொண்டாட வேண்டும் என்று கேட்டாள். நான் அந்நாளுக்கு இவ்வாறு தமிழ்ப்பெயர் சூட்டியபோது என் மனைவி, "தாங்ஸ்கிவிங் எண்டே சொல்லுங்கோப்பா. உங்கட பேரைச் சொல்லி முடிக்கிறதுக்குள்ள கோழி ஆறிப்போடும்" என்றாள்.

இது இரண்டாயிரத்துப் பதினொன்றில். அந்நாள் வரும் வியாழக்கிழமை இங்கு வேலைநாள் ஆதலால் விருந்து சனிக்கிழமை மாலைக்கு ஒத்திவைக்கப்பட்டது. மெல்பேர்னின் புறநகரான வெரிபீயில் நாங்கள் புதிதாகக் குடிபுகுந்த வீட்டில், வெயில் சுவரைச் சுட்டுக்கொண்டிருந்த நண்பகலிலேயே சமையல் தொடங்கிவிட்டது. அந்த விருந்தின் முதன்மை உணவு வான்கோழி. கிறிஸ்மசுக்கு முன் இங்கு எவரும் அதைத் தேடுவதில்லை. மகன் பல கடைகள் ஏறியிறங்கி, கல்லாய் உறைந்த ஒன்றை அவ்வாரத் தொடக்கத்திலேயே வாங்கி வைத்திருந்தான். இனிப்புப் பண்டத்துக்காக மருமகள் பூசணிக்காயில் சீனியைக் கொட்டுவதைக் கண்ட என் மனைவி ஏதோ சொல்ல வாயெடுத்து, அடக்கிக்கொண்டாள்.

மருமகளின் கை வேலை செய்ததே தவிர, மனம் அங்கில்லை. அவளுடைய தம்பி அமெரிக்கப் படையில் சேர்ந்து ஆப்கானித்தானில் இருந்தான். ஒருநாள் விட்டு ஒருநாள் இரண்டு வரியாவது எழுதுபவன், அந்த வாரம் முழுவதும் மௌனமாக இருந்தான். அம்மௌனத்தின் பொருளை அவளே எங்களுக்கு விளக்கியிருந்தாள். முகாமில் ஒருவன் இறந்தாலோ கடுங்காயமுற்றாலோ, அவன் வீட்டாருக்கு முறைப்படி அறிவித்து முடியும்வரை அங்கிருந்து எவரும் வெளியே பேச இயலாது. தொலைபேசி, இணையம் அனைத்தையும் நிறுத்திவிடுவார்கள். ஆகவே மௌனம் என்றால் யாரோ ஒருவன். யார் என்பதுதான் தெரியாது. அமெரிக்காவிலுள்ள பெற்றோர் வீட்டு வாசலுக்குச் சேதி சொல்லப் படையினர் எவரும் இன்னும் வரவில்லை என்பதே அவளுக்கிருந்த ஒரே பிடிமானம்.

நாங்கள் இலங்கையின் வடக்கிலிருந்து வந்தவர்கள். போர்க்காலத்தில், இராணுவத்தைக் குறிக்கும் 'ஆமி' என்ற சொல் காதில் விழுந்ததும் விளக்கை அணைத்துப் பழகியவர்கள். அப்படியிருக்க, முந்திய நாள் கோயிலில் என் மனைவி அருச்சனைச் சீட்டொன்று வாங்கினாள்.

"ஆருக்கு?" என்றேன்.

"மருமகளின்ர தம்பிக்கு."

"ஆமிக்காரனுக்கோ?"

"அவன் ஆமிக்காரனாவே பிறந்தவன்? பேசாமல் வாங்கோ. நட்சத்திரம் தெரியாது, அதுதான் யோசினையாக் கிடக்கு."

வெயில் தாழ்ந்தபோது மேசை ஆயத்தமாயிற்று. நாங்கள் நால்வர், தட்டுகளோ ஐந்து. ஐந்தாம் தட்டின் முன்னே தம்பியின் சீருடைப் படத்தை நிறுத்தி, அருகில் ஒரு மெழுகுவர்த்தியை ஏற்றினாள் மருமகள். பின்னர் அத்தட்டில் இறைச்சியும் மசித்த உருளைக்கிழங்கும் பரிமாறினாள். தொலைவில் படைப்பணியில் இருப்பவனுக்கு மேசையில் ஓர் இடம் வைப்பது தங்கள் குடும்பத்து வழக்கம் என்றாள்.

என் மனைவி கரண்டியை வைத்துவிட்டு, என் சட்டையைப் பிடித்துச் சமையலறைக்குள் இழுத்தாள்.

"என்னப்பா இது? படம், விளக்கு, படைச்ச சாப்பாடு! உயிரோட இருக்கிற பிள்ளைக்கு ஆரும் இப்பிடிச் செய்வினமே?"

"அது அவையின்ர வழக்கம்."

"என்ர கண்ணுக்கு அது திவசமெல்லோ!"

அவள் சொன்னதில் மிகையேதும் இல்லை. இறந்தவர்களுக்கு நாம் செய்வதும் இதுவே. நானும் அத்தட்டைத் திரும்பிப் பார்க்க அஞ்சினேன். பின்னாலேயே வந்த மகன் குரலைத் தாழ்த்தினான்.

"அம்மா, இதை இப்ப அவளிட்டச் சொல்ல ஏலுமே? தொட்டால் அழுகிற நிலையில நிக்கிறாள்."

"சொல்லாட்டி நான் அந்த மேசையில இருக்கமாட்டன்."

"அப்ப நிண்டுகொண்டு சாப்பிடுங்கோ."

மருமகள் வாசலில் வந்து நின்றாள். "மாமி, நான் ஏதும் பிழை செய்துவிட்டேனா?" என்று ஆங்கிலத்தில் கேட்டாள்.

மனைவி தட்டுகள் இருந்த அலுமாரியைத் திறந்தாள். வேறொரு தட்டை எடுத்துச் சென்று, பரிமாறிய தட்டின்மேல் கவிழ்த்து மூடினாள். மெழுகுவர்த்தியை மேசையின் நடுவே எல்லோருக்கும் பொதுவாக நகர்த்தினாள். படத்தைக் கொண்டுபோய், எங்கள் மகனின் பட்டமளிப்புப் படத்துக்குப் பக்கத்தில் வைத்தாள்.

"பிந்தி வாற பிள்ளைக்கு நாங்கள் மூடித்தான் வைக்கிறது" என்று தமிழிற் சொல்லிவிட்டு, தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் முடித்தாள்: "ஹீ கம் லேட்டர். தட்ஸ் ஓல்."

மருமகள் மூடிய தட்டைப் பார்த்துக்கொண்டே நின்றாள். "லேட்டர்" என்று தானும் ஒருமுறை சொல்லிப் பார்த்தாள். கண்களைத் துடைத்துக்கொண்டு அமர்ந்தாள். என் மனைவியும் அமர்ந்தாள்.

உண்பதற்கு முன் ஒவ்வொருவரும் எதற்கு நன்றியுடையவர் என்று சொல்ல வேண்டுமாம். மகன் தொடங்கினான்: "இந்தக் கிழமை ரயில் ஒருநாளாவது நேரத்துக்கு வந்ததுக்கு." மருமகள் சிரிக்க முயன்றாள். அப்பொழுது அவளது கைபேசி ஒலித்தது. திரையில் இலக்கம் நீளமாக இருந்தது. அவள் எடுத்துக் காதில் வைத்தாள். மறுகணம் தரையிலே அமர்ந்துவிட்டாள். தம்பியின் பெயரைத் தவிர வேறு சொல் அவளிடமிருந்து வரவில்லை. அழைத்தவன் அவனே என்பதை அதிலிருந்தே நாங்கள் அறிந்துகொண்டோம். மகன் குனிந்து, எல்லோருக்கும் கேட்குமாறு ஒலிபெருக்கியை அழுத்தினான்.

தொலைபேசிகளைச் சற்றுமுன்தான் திறந்துவிட்டார்களாம். இறந்தவன் வேறொரு பிரிவைச் சேர்ந்தவன் என்றான் தம்பி, நல்லவன் என்றான். பிறகு, வியாழனன்று தங்களுக்கும் வான்கோழி கிடைத்ததென்றும், அதிகாரிகளே வரிசையாக நின்று பரிமாறினார்கள் என்றும் சொன்னான்.

"அவன் அங்க வயிறு முட்டச் சாப்பிட்டிருக்கிறான்! நாங்கள்தான் இஞ்ச தண்ணியும் இறங்காமல் நிண்டனாங்கள்!"

என் மனைவி சொன்னதை மகன் மொழிபெயர்த்தான். சிறு தாமதத்துக்குப் பின் அங்கிருந்து ஒரு சிரிப்பு வந்து சேர்ந்தது.

அழைப்பு முடிந்ததும் மருமகள் எங்களை எழுந்து நிற்கச் சொன்னாள். பெயர் தெரியாத அந்த மற்றவனுக்காகவும், அவன் வீட்டாருக்காகவும் சிறிது நேரம் பேசாது நின்றோம். எங்களுக்குக் கிடைத்த செய்தி அந்த வீட்டுக்குக் கிடைக்கவில்லை என்பதை எவரும் சொல்லவேண்டியிருக்கவில்லை. ஆயினும் என் நெஞ்சு இலேசாகவே இருந்தது. அதை மறைக்க இயலவில்லை.

மனைவி மூடியைத் திறந்து, அந்த உணவை எங்கள் நால்வருக்கும் பங்கிட்டாள்.

"மாமி, இது தம்பிக்கு" என்றாள் மருமகள்.

"அவன் சாப்பிட்டிட்டான். வரேக்க நான் சுடச்சுடச் சமைச்சுக் குடுப்பன். நீ சாப்பிடு பிள்ளை."

மகன் அதையும் மொழிபெயர்க்க, "ஓம் மாமி" என்று தமிழிற் சொன்னவள், தன் தட்டில் இருந்ததை முடித்துவிட்டு, இன்னும் கொஞ்சம் வேண்டும் என்று தட்டை நீட்டினாள்.